ஒளியும் நரம்பும் வரியற்ற தசையும்

இருண்ட அறையிலிருந்து வெயிலில் அடியெடுத்து வைக்கின்றோம். நம்மைக் கேளாமலே கண்ணின் பாவை சுருங்கிவிடுகின்றது. பாவையைச் சூழ்ந்துள்ள ஐரிஸ் என்னும் படலத்தின் வரியற்ற தசையே இதனைச் செய்கின்றது. நாள்தோறும் நிகழும் இச்சிறு செயலினுள் ஒரு பெரிய வினா பொதிந்துள்ளது. தசையை இயக்குவது ஒளியா, நரம்பா?

கைகால்களின் தசைகள் நம் விருப்பத்திற்கு உட்பட்டவை. குடல், இரத்தக் குழாய், சிறுநீர்ப்பை, ஐரிஸ் ஆகியவற்றில் அமைந்த வரியற்ற தசையோ தானியங்கும் இயல்புடையது. அதன் செல்களினுள் கால்சியம் அயனிகள் மிகுந்தால் தசை சுருங்கும், குறைந்தால் தளரும். நரம்பு முனைகள் சுரக்கும் வேதிப்பொருள்களே பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வை ஆள்கின்றன. நம் கண்ணில் ஒளியை உணர்வது விழித்திரை. அச்செய்தி மூளைத்தண்டை அடைந்து, நரம்பு வழியே திரும்பி வருகின்றது. நரம்பு முனையில் சுரக்கும் அசெட்டைல்கோலின் பாவையைச் சுருக்குகின்றது. ஆகவே, இங்கே ஒளி ஏவுகின்றது. நரம்பு ஆணையைக் கொண்டுசெல்கின்றது.

ஆயினும் இது எல்லா உயிர்க்கும் பொருந்தும் விதியன்று. தவளையின் ஐரிஸைத் தனியே பிரித்தெடுத்த பின்னரும், ஒளி பட்டால் அது சுருங்குவதை 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டனர். சுண்டெலியின் ஐரிஸிலும் மெலனாப்சின் என்னும் ஒளியுணர் புரதத்தின் துணையால் இவ்வாறு நிகழ்வதாக 2011இல் மெய்ப்பிக்கப்பட்டது.

இதனினும் வியப்பானது, ஒளியையே காணாத உள்ளுறுப்பின் தசை ஒளிக்கு இணங்குவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இராபர்ட் ஃபர்ச்காட் என்னும் மருந்தியலறிஞர், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய கீற்றுகளை ஆராய்ந்துவந்தார். மருந்தினால் சுருங்கியிருந்த கீற்றின் மேல் ஒளி பட்டவுடன் அது தளர்ந்தது. ஒளியை நீக்கினால் மீண்டும் இறுகியது. தமனிக்குக் கண்ணில்லை, துண்டித்த கீற்றுக்கு மூளையின் ஆணையும் இல்லை. ஆய்வுக்கு இடையூறு என்று ஒதுக்கியிருக்கத்தக்க இந்நிகழ்ச்சியை அவர் ஒதுக்கவில்லை. 1955இல் தம் குழுவினருடன் அதனை வெளியிட்டார். சோடியம் நைட்ரைட்டைச் சேர்த்தால் ஒளியின் விளைவு பெருகுவதும் பின்னர்ப் புலனாயிற்று.

விளக்கம் கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின. இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் தசையைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று 1980இல் ஃபர்ச்காட் காட்டினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவே என்று அவரும் லூயி இக்னாரோவும் 1986இல் தனித்தனியே முன்மொழிந்தனர். நெஞ்சுவலிக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்ட நைட்ரோகிளிசரினும் இவ்வாயுவின் வழியே செயல்படுவதை ஃபெரிட் முராட் முன்னரே ஆய்ந்திருந்தார். 1998இல் மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. தமனிக் கீற்றின் வினாவுக்கும் இதனால் விடை பிறந்தது. தசையினுள் உள்ள சேர்மங்களிலிருந்து ஒளி நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கின்றது. அது சுழற்சி ஜி.எம்.பி.யைப் பெருக்கிக் கால்சியத்தைக் குறைக்கின்றது. தசை தளர்கின்றது என்பதே பெரிதும் ஏற்கப்படும் கருத்து.

நரம்பும் இதே மொழியைப் பேசுகின்றது. இவ்வாயுவை ஆக்கும் நொதி நரம்பு செல்களிலும் உண்டென்பது 1990இல் தெளிவாயிற்று. இரைப்பையிலும் குடலிலும் சில நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத் தசையைத் தளர்த்துகின்றன. வெளியிலிருந்து வரும் ஒளியும் உள்ளிருந்து வரும் நரம்புத் தூண்டலும் ஒரே தூதுவன் வாயிலாகத் தசையை அடையக்கூடும் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆய்வகத்தில் நாம் எதிர்பார்த்த கோட்டை விட்டுக் கருவியின் முள் விலகும்போது, அதனைப் பிழையெனக் கருதி அழித்துவிட்டு, நூலில் உள்ள வரைபடத்தையே ஏட்டில் எழுதிவிடுகின்றோம். அன்று ஃபர்ச்காட்டும் அவ்வாறு செய்திருப்பின், ஒளிக்குத் தளர்ந்த அந்தத் தமனிக் கீற்றின் செய்தி அவருடைய ஆய்வறையிலேயே மறைந்திருக்கும். விலகிய கோட்டையும் உள்ளவாறே பதிவு செய்யும் நேர்மையை அறிவியல் பயிலும் நாம் வழக்கமாக்கிக் கொள்வோமாக!