கருப்பு வெள்ளைக் காலம் – 9: குங்குமத்தை மறைக்கும் சிவப்பு

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, மலர்க் காவடியில் செவ்வரளியும் சாமந்தியும், நெற்றியில் திருநீற்றின் நடுவே குங்குமம். கருப்பு வெள்ளை ஃபிலிம் இவை எல்லாவற்றையும் சாம்பலின் சாயல்களாக மாற்றிவிடும். எது வெளுக்க வேண்டும், எது கறுக்க வேண்டும் என்பதை லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டரைக் கொண்டு நாம் தீர்மானிக்கலாம்.

ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்கவைக்கும், எதிர்நிறத்தைக் கறுக்கவைக்கும். 25-ஆம் எண் சிவப்பு ஃபில்டரை மாட்டினால் நீல வானம் இருண்டு, மேகம் எழுந்து நிற்கும். அந்த அழகில் மயங்கி அதையே முகங்களுக்கும் மாட்டினால் வம்புதான். குங்குமம் காணாமல் போகும். தோல் வெளுத்துவிடுவதால் திருநீற்றுப் பட்டையும் எடுபடாது. அரளிப் பூ வெள்ளையாகவும் அதன் இலை கரியாகவும் விழும். காவடி எடுப்பவரின் நெற்றியை நாமே துடைத்துவிட்டுப் படமெடுப்பதற்குச் சமம் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அந்த முகத்துக்கு ஏற்றது மஞ்சள்-பச்சை. தோலின் கருமை தங்கும், திருநீறு பளிச்சென்று தெரியும், குங்குமம் அழுத்தமாக விழும். மஞ்சள் சாமந்தியும் ஆரஞ்சுச் சாமந்தியும் தனித்தனியாகத் தெரியும். ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சம்தான் குறையும்.

சிவப்பு, மலையுச்சியில் நின்று நகரி மலைகளைப் பார்க்கும்போது உதவும். தொலைவின் நீல மங்கலை அது வெட்டும். தூசியையும் மூடுபனியையும் அல்ல. மூன்று ஸ்டாப் விழுங்கும்: எஃப் 16-இல் எடுப்பதை எஃப் 5.6-க்குத் திறக்க வேண்டும்.

அகச்சிவப்பு வேறு உலகம். 1910-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் வெளியிட்ட படங்களில் மரங்கள் பனி படர்ந்தவைபோல் வெளுத்திருந்தன. இலையின் உள்ளிருக்கும் செல் அமைப்பு அந்த ஒளியைத் திருப்பி வீசுவதே காரணம். வெப்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாதாரண ஃபிலிமுக்கு அந்த ஒளி தெரியாது. இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் 400 போன்றவை வேண்டும். அந்த ஒளிக்கான ஆர்72 ஃபில்டர் கண்ணுக்கு ஏறக்குறைய கருப்புக் கண்ணாடி. எனவே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, லென்ஸிலுள்ள சிவப்புக் குறிக்கு ஃபோகஸ் தூரத்தை நகர்த்திய பிறகே ஃபில்டரை மாட்ட வேண்டும். பழைய ஸ்டுடியோக்களின் இரட்டை லென்ஸ் யாஷிகா இருந்தால் இந்தத் தொல்லை குறைவு: படமெடுக்கும் கீழ் லென்ஸில் மாட்டிவிட்டு மேல் லென்ஸ் வழியாகப் பார்க்கலாம். நல்ல வெயிலில் எஃப் 11, 1/30 விநாடியில் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் மேலும் இரண்டு படம் எடுங்கள். சரவணப் பொய்கைக்கு இது பொருந்தும். நீர் கறுக்கும், கரை மரங்கள் வெளுக்கும். முகத்துக்கு வேண்டாம், பால்போல் உயிரற்றுப் போகும்.

திருவிழாவுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் மஞ்சள்-பச்சை வாங்குங்கள். கடைக்குப் போகும்முன் லென்ஸ் விளிம்பில் 49, 52, 55 என்று பொறித்திருக்கும் மில்லிமீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு மாறினால் மரை ஏறாது.

(தொடரும்)