மீன் எண்ணெய் மாத்திரை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி கேட்டு வரும் ரசீதுகளில் இப்போது அடிக்கடி தென்படும் ஒரு பொருள் மீன் எண்ணெய் மாத்திரை. மூட்டு வலிக்கென்று ஒருவர் வாங்குகிறார், பிள்ளையின் ஞாபக சக்திக்கென்று ஒருவர், இதயத்துக்கு நல்லதென்று இன்னொருவர். இது ஹலாலா, எதை வாங்குவது, எவ்வளவு சாப்பிடுவது என்று நம்மிடமும் கேட்கிறார்கள். அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வீடு தேடி வந்து விற்றவரின் பேச்சை நம்பி மீன் எண்ணெய் டப்பா வாங்கினார். "இயற்கை மருந்து இருக்கும்போது இங்கிலீஷ் மருந்து எதற்கு" என்று, பல வருடமாகச் சாப்பிட்டு வந்த இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பஜ்ருக்கு ஒளூ செய்யும்போது தலை சுற்றி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் பார்த்தபோது இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. மீன் எண்ணெய் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. அதை நம்பி மருந்தை விட்டதுதான் கெடுதல் செய்தது.

இதில் என்ன இருக்கிறது?

மீனின் கொழுப்பில் ஒமேகா-3 என்ற சத்து உண்டு. அதில் முக்கியமானவை இரண்டு: ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. கிரீன்லாந்தில் மீனும் கடல் விலங்குகளும் அதிகம் உண்ணும் எஸ்கிமோ மக்களை 1970களில் டென்மார்க் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அதிலிருந்தே இதயத்தையும் மீன் எண்ணெயையும் சேர்த்துப் பேசும் வழக்கம் பரவியது.

ஆனால் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் குறைத்துவிட்டன. பிரிட்டனில் நடந்த 'அசெண்ட்' ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. சர்க்கரை நோய் உள்ள, ஆனால் இதய நோய் வராத 15,480 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்குத் தினமும் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை, மறு பாதிக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்விலும் மொத்தத்தில் இதே முடிவுதான்.

இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் நாளொன்றுக்கு நான்கு கிராம் வரை சுத்திகரித்த ஒமேகா-3 மருந்தை எழுதித் தருவதுண்டு. அது டிரைகிளிசரைடைக் குறைக்கும். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் தரும் மருந்து. கடையில் நாமாக வாங்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

மீனாகவே சாப்பிடலாமே!

வாரம் இரண்டு முறை கொழுப்புள்ள கடல் மீன் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை குறைந்த மீன்கள், ஆனால் ஒமேகா-3 அதிகம் உள்ளவை. நூறு கிராம் மத்தியில் சுமார் ஒரு கிராம் அளவுக்கு உண்டு. பருவத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றில் இருப்பதோ 300 மில்லிகிராம். ஏரி மீன்களான ரோகு, கட்லா, ஜிலேபி ஆகியவற்றில் இச்சத்து குறைவு; ஆனாலும் அவை நல்ல புரத உணவே. எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது.

டப்பாவில் எதைப் பார்ப்பது?

மருத்துவர் சொல்லியோ, மீன் பிடிக்காததாலோ மாத்திரை வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. முன்பக்கம் பெரிதாக '1000 மி.கி.' என்று இருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை மட்டுமே. பின்பக்க அட்டவணையில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 180, 120 என்று இருக்கும், கூட்டினால் 300.

2. விலையை அந்தக் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, 60 மாத்திரை கொண்ட ஒரு டப்பா 480 ரூபாய், ஒவ்வொன்றிலும் 300 மி.கி. என்றால், 300 மி.கி.க்கு எட்டு ரூபாய் ஆகிறது. இன்னொரு டப்பா 900 ரூபாய், அதே 60 மாத்திரை, ஒவ்வொன்றிலும் 600 மி.கி. என்றால், 300 மி.கி.க்கு ஏழரை ரூபாய்தான். விலை அதிகமாகத் தெரிந்தது உண்மையில் மலிவு.

3. 'மீன் எண்ணெய்' வேறு, 'காட் லிவர் ஆயில்' எனும் மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. வைட்டமின் ஏ அளவு மீறினால் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு. ஆகவே கர்ப்பிணிப் பெண்கள் ஈரல் எண்ணெயைத் தாமாகச் சாப்பிடக் கூடாது.

4. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மீன் எண்ணெய் வெப்பத்தில் கெடும். நம் ஊர்க் கோடையில் வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். மாத்திரையைக் குத்திப் பார்த்தால் அழுகிய நாற்றமோ சிக்கு வாடையோ அடித்தால் எறிந்துவிடுங்கள்.

ஹலாலா?

எண்ணெயில் சந்தேகமில்லை. கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமானவை என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனத்தில் காண்கிறோம். கேள்வி எழுவது மேலுறையில்தான். அந்த மென்மையான உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும், மீனிலிருந்தும் வரும். டப்பாவில் பல நேரம் 'ஜெலட்டின்' என்று மட்டுமே இருக்கும். பழுப்பு நிற அசைவக் குறியும் இங்கே உதவாது. மீன் எண்ணெய் இருந்தாலே அந்தக் குறி வந்துவிடும்.

ஆகவே 'மீன் ஜெலட்டின்' என்று தெளிவாக எழுதியதையோ, ஹலால் சான்று பெற்றதையோ தேர்ந்தெடுங்கள். மாட்டு ஜெலட்டின் என்றால் அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வியும் உண்டு. ஜெலட்டின் தயாரிப்பில் பொருளின் தன்மையே மாறிவிடுகிறதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐயமற்ற பொருள் கிடைக்கும்போது ஐயமானதை விடுவதே பேணுதல். கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஒமேகா-3 தாவர உறையோடும் கிடைக்கிறது. 'கிரில் ஆயில்' என்பது இறால் போன்ற ஒரு சிற்றுயிரின் எண்ணெய். இறால் விஷயத்தில் ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறுபாடு இருப்பதால், நம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பு காலத்தில் இதை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ உணவோடு சாப்பிடலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அதிக அளவில் சாப்பிட்டால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. "நிறையச் சாப்பிட்டால் நிறைய நன்மை" என்பது இங்கே பொருந்தாது.

அறக்கட்டளையின் முடிவு

மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இல்லாமல் மீன் எண்ணெய் மாத்திரைக்கு மருத்துவ உதவி வழங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதைக் கஞ்சத்தனமாக எண்ண வேண்டாம். இது ஸகாத், ஸதகா பணம். மருந்து வாங்க வழியில்லாத ஒருவருக்கு அது போய்ச் சேர வேண்டும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அந்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். விற்க வருகிறவர் "எல்லா நோயும் தீரும்" என்று சொன்னால், அதை நீங்கள் காட்டும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு டப்பாவை அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிறோம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் இந்தக் கட்டுரையைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தேடுவதை அறிவோடு தேடுவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் ஹலாலான வாழ்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்