காலில் மருவா? பிளேடை எடுக்காதீங்க!

ஒர்க்ஷாப்பில் மூணு மணி நேரம் லேத் முன்னால நின்றால்தான் தெரியும், உள்ளங்கால் மரு படுத்தும் பாடு. எனக்கும் இருந்தது, அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் அது ஆணியா, மருவா? நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிப்பது பெரும்பாலும் மரு. அதிலுள்ள கறுப்புப் புள்ளிகள் வேர் அல்ல. ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். காரணம் எச்.பி.வி. வைரஸ்.

முக்கிய வைத்தியம் இரண்டு. சாலிசிலிக் அமிலம்: வெந்நீரில் காலை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்துவிட்டு, தினமும் பூசணும். செலவு குறைவு, பொறுமை அதிகம். இன்னொன்று, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. டாக்டரிடம் 2, 3 வாரத்துக்கு ஒருமுறை போகணும், வலிக்கும், கொப்புளிக்கும்.

எது மேல்? 240 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் பிரிட்டனில் வெளியானது. 12 வாரத்தில் முழுக்கக் குணமானவர்கள் இரு பக்கமும் 14 சதவீதம்தான்! பல மருக்கள் ஓரிரு வருடத்தில் தானாகவே மறையும். ஆகவே நான் மலிவானதையே எடுத்தேன். நாலாம் மாதம் போச்சு. அமிலத்தாலா, தானாகவா, யார் கண்டது?

நண்பர்களே, பிளேடால் அறுத்தால் மரு பரவும், புண் சீழ்பிடிக்கும். ஹாஸ்டல் பாத்ரூமுக்குச் செருப்போடு போங்க. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அமிலத்தைத் தொடாதீங்க.