தளத்தின் தோற்றத்தைச் சுட்டால்?

ஒரு தளத்தின் படங்களையோ நிரலையோ எடுத்தால் பதிப்புரிமை வழக்கு போடலாம். ரெண்டையும் தொடாம, தோற்றத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் செஞ்சா? பக்க அமைப்பை மட்டும் கொண்டுபோனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவே செய்யாது.

அதனால அங்கே வக்கீல்கள் பிடித்தது வணிகமுத்திரைச் சட்டத்தின் ஒரு கிளை: ‘டிரேட் டிரெஸ்’. மொத்தத் தோற்றமே ஒரு கடையின் அடையாளம் என்கிற வாதம். வைரம் விற்கும் ப்ளூ நைல், தன் தேடல் பக்கங்களைக் காப்பியடித்ததாக ஐஸ்.காம் மேல வழக்குப் போட்டது. 2007இல் ஃபெடரல் நீதிமன்றம் இந்த வாதத்தை ஆரம்பத்திலேயே தள்ளிவிட மறுத்தது. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

வசதிக்கான அமைப்புகளுக்கு இதில் பாதுகாப்பு கிடையாது. நியாயம்தான்; இல்லைன்னா மூலையில் இருக்கிற கூடைப் படத்துக்கும் வாடகை கேட்பாங்க. எனக்கு உறுத்துவது வேற.

டாக்கோ கபானா உணவக வழக்கில் (1992) உச்ச நீதிமன்றம், அலங்காரம் இயல்பிலேயே தனித்து நின்றால் போதும், மக்கள் மனசில் பதிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை என்றது. குழந்தைகள் உடை பற்றிய வால்மார்ட் வழக்கில் (2000), பொருளின் வடிவமைப்புன்னா பதிஞ்சே இருக்கணும் என்றது.

இணையதளம் உணவகமா, உடையா? சந்தேகம் வந்தால் உடைன்னே வெச்சுக்கச் சொல்கிறது 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பல வருஷம் விளம்பரம் செஞ்ச பெரிய கம்பெனி இதைத் தாண்டிடும். ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே காப்பியடிக்கப்பட்ட சின்னத் தளத்துக்கு, “இது அவங்களோடதாச்சே” என்று சொல்ல இன்னும் ஆளே சேர்ந்திருக்காது.