ஊரே சேர்ந்து கட்டிய மண் பள்ளி... ஆப்பிரிக்க கிராமம் சாதித்தது எப்படி?

வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து பள்ளி கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மழையில் கூரை ஒழுகினால் யார் சரி செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு குக்கிராமம் பதில் சொல்லியிருக்கிறது.

யார் இந்த கெரே?

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ கிராமத்தில் 1965-ல் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளியே கிடையாது. அதனால் 7 வயதிலேயே வீட்டைப் பிரிந்து வெளியூரில் படித்தார். பிறகு ஜெர்மனியில் கட்டடக்கலை படிக்கும்போதே, நண்பர்களோடு சேர்ந்து சொந்த ஊரில் பள்ளி கட்ட நிதி திரட்டினார்.

மண் சுவர் தாங்குமா?

ஊர்க்காரர்களுக்கும் இதே சந்தேகம்தான். மழைக்குக் கரைஞ்சிடுமே என்றார்கள். களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி எடுத்த செங்கல் தாங்கும் என்று கெரே புரிய வைத்தார். அப்புறம் ஊரே களத்தில் இறங்கியது. குழந்தைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். 2001-ல் பள்ளி தயார்!

ஏசி இல்லாமல் எப்படி?

தகரக் கூரை வெயிலில் கொதிக்கும். அதனால் செங்கல் மேற்தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு, கூரையை உயர்த்தி அமைத்தார்கள். சூடான காற்று மேற்தளத்தின் துளைகள் வழியாக வெளியேற, ஜன்னல் வழியே புதுக்காற்று உள்ளே வரும்.

இந்தப் பள்ளிக்கு 2004-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார் கெரே.

விருதை விடப் பெரிய லாபம் ஊருக்குத்தான். கட்டும்போதே வேலை கற்றுக்கொண்டதால், சுவரில் விரிசல் விட்டாலும் இனி வெளியாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.