சிறு முதல், பெரிய கேள்வி

2010 டிசம்பர் 17இல் தூனிசியாவின் சீதி பூஸித் நகரில், தள்ளுவண்டியில் பழம், மரக்கறி விற்ற 26 வயது முஹம்மத் பூஅஸீஸியின் பண்டங்களை நகரசபை அதிகாரிகள் பறித்தனர். அவர் தீக்குளித்தார். நாடு கொந்தளித்தது. 2011 ஜனவரி 14இல் ஜனாதிபதி பின் அலி நாட்டைவிட்டே ஓடினார்.

அரபு நாடுகளின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் 15 முதல் 29 வயதினர் என்றது ஐ.நா.வின் 2016 அரபு மனித அபிவிருத்தி அறிக்கை. ஆனால் ஒரு நகரத்தின் பின்தெருவில் வாழும் வாலிபனின் வரவு செலவு, பிராந்தியம் முழுவதற்குமான சராசரிக் கணக்கில் தெரியாது. உள்ளூர் பாஷையில் பேசி, அவனருகே அமர்ந்து கேட்க வேண்டும்.

அதற்கே சிறு ஆய்வு நிதி தேவை. பெய்ரூட்டைத் தளமாகக் கொண்ட சமூக விஞ்ஞானங்களுக்கான அரபுப் பேரவை இப்படியான உதவியை வழங்கி வருகிறது. விண்ணப்பத்தை அரபியிலேயே எழுதலாம். இத்தகைய பணம் பெரும்பாலும் பிரயாணச் செலவுக்கும், உதவியாளர் கூலிக்கும், நேர்காணல்களை எழுத்தில் பதியவுமே போதும்.

தொகை சிறிதுதான். எனினும் பெரிய திட்டங்களில் பணம் தருபவரே கேள்வியையும் தீர்மானிப்பதுண்டு. இங்கு கேள்வி ஆய்வாளருடையது. கடனுக்குச் சரக்கெடுப்பவர் கொடுத்ததையே விற்பார். கைமுதல் உள்ளவரோ தன் ஊருக்குத் தேவையானதை வாங்கி வைப்பார். வியாபாரிகளுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.