சீமைப் படிப்புக்கு இடம் கிடைக்குமா?

"எண்பத்தைந்து பர்சென்ட் வாங்கியிருக்கிறாள். லண்டனில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா?"

பட்டம் வாங்கிய பெண்ணோ பிள்ளையோ உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. அதிலும் நிதித் துறையில் மாஸ்டர் பட்டம் என்றால் போட்டி சொல்லி முடியாது. அடுத்த வீட்டு மாமி, "கட்டாயம் கிடைக்கும்" என்பார். பெரியப்பா, "அதெல்லாம் நமக்கு எட்டுகிற காரியமா?" என்பார். ஏஜெண்டோ, "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்று சத்தியமே செய்துவிடுவார்! மூவர் சொல்வதும் ஜோசியந்தான். ஜோசியம் இல்லாமலே, வீட்டில் உட்கார்ந்து, ஒரு காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். எப்படி என்று பார்ப்போமா?

யாருக்குத் திறந்த கதவு?

நிதித் துறைப் படிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு சர்வகலாசாலையும் ஒவ்வொரு விதமான மாணவரைத் தேடுகிறது. கேம்பிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'மாஸ்டர் ஆப் பைனான்ஸ்' என்ற படிப்புக்கு நிதித் துறையில் இரண்டு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பெண் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. ஆனால் அதே கேம்பிரிட்ஜில் நிதித் துறை எம்.பில். என்று இன்னொரு படிப்பு இருக்கிறது. அதற்கு வேலை அனுபவம் அவசியமில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம்.

அமெரிக்கா என்றால் மற்றொரு விஷயம். நம் ஊர்ப் பி.காம்., பி.ஏ. மூன்று வருஷப் படிப்பு. அங்கே சில சர்வகலாசாலைகள் நான்கு வருஷப் பட்டம் கேட்பதுண்டு. இதை முதலிலேயே கடிதம் எழுதி விசாரித்துவிட வேண்டும்.

மொத்த மார்க் போதாது!

"முதல் வகுப்பு வாங்கிவிட்டாள், அப்புறம் என்ன?" என்று நினைக்கிறோம். இடம் கொடுப்பவர்கள் மார்க் பட்டியலை எடுத்தவுடன் மொத்தத்தைப் பார்ப்பது வாஸ்தவந்தான். ஆனால் அடுத்த நிமிஷம் அவர்களுடைய விரல் கணக்கு, புள்ளியியல், பொருளாதாரம் ஆகிய வரிகளுக்குப் போய்விடும். காரணம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டின் நிதிப் பொருளாதார எம்.எஸ்ஸி. ஒன்பதே மாதம். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். சேர்ந்த பிறகு கால்குலஸை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள அவகாசம் ஏது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இன்னும் கடுமை. கால்குலஸ், மாட்ரிக்ஸ் கணக்கு, நிகழ்தகவு எல்லாவற்றிலும் நல்ல பயிற்சியோடு வரச் சொல்கிறார்கள். வகுப்பும் மிகச் சிறியது.

ஆகவே, எண்பத்தைந்து பர்சென்ட் வாங்கி, பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்கையே தொடாத பெண்ணைவிட, எழுபத்தெட்டு வாங்கி, கணக்கிலும் புள்ளியியலிலும் தொண்ணூறு எடுத்த பெண்ணுக்குச் சில இடங்களில் வாய்ப்பு அதிகம். கணக்கு பலவீனம் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழோடு கணக்குப் பாடம் படிக்கலாம், சி.எப்.ஏ. முதல் நிலைப் பரீட்சை எழுதலாம். போன வருஷத்து மார்க்கை மாற்ற முடியாது. இந்த வருஷத்தை மாற்ற முடியுமல்லவா?

பழைய 700, புதிய 645

அடுத்தது ஜிமேட் பரீட்சை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. "மாமா பையன் 700 வாங்கினான், நீ 645தானா?" என்று வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடும். 2023 நவம்பரில் பரீட்சையின் உருவமே மாறிவிட்டது. முன்பு 800 வரை இருந்த அளவு, இப்போது 205 முதல் 805 வரை. போட்டியில் நிற்கும் ஸ்தானத்தை வைத்துப் பார்த்தால், பழைய 700ம் புதிய 645ம் ஏறக்குறைய ஒன்றுதான். பாவம், பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம்! நிதிப் படிப்புக்கு மொத்தத்தைவிடக் கணக்குப் பகுதியின் மார்க்கை உன்னிப்பாகப் பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துக்கு ஒன்று என்றால்?

லண்டன் பொருளாதாரக் கல்லூரி போன்ற சில இடங்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று வெளியிடுவதுண்டு. பத்துக்கு ஒருவர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். "நமக்கும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு" என்று அர்த்தமா? இல்லை. இது பரிசுச் சீட்டுக் குலுக்கல் அல்ல. மேலும், இடம் கிடைத்த பலர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் சேர்ந்தவர்களைவிட அழைக்கப்பட்டவர்கள் அதிகம்.

காலமும் ஒரு மார்க்தான். அந்தக் கல்லூரியில் விண்ணப்பங்கள் வர வர இடங்களைக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். அக்டோபரில் போடும் விண்ணப்பத்துக்கு இருக்கும் இடம் மார்ச்சில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஏஜெண்டுகள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அவர்களில் பலருக்குச் சர்வகலாசாலைகளே கமிஷன் கொடுக்கின்றன. கமிஷன் கொடுக்காத நல்ல கல்லூரி அவருடைய பட்டியலில் இல்லாமலே போகலாம்.

கிடைத்துவிட்டால்?

இதுதான் பெரிய கேள்வி. 1916-ல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்த அம்பேத்கரே, பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1920-ல் மறுபடி போய், 1921-ல் எம்.எஸ்ஸி.யும், ரூபாய் நாணயப் பிரச்னையை ஆராய்ந்து 1923-ல் டி.எஸ்ஸி.யும் பெற்றார். அத்தனை பெரிய மேதைக்கே பணம் குறுக்கே நின்றது!

நாற்பது லட்சம் ரூபாய் கடன், பத்து சதவிகித வட்டி, பத்து வருஷத் தவணை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 52,900 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 63 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி வேறு. பெரிய தொகைக்குப் பல வங்கிகள் வீட்டை ஈடு கேட்கும். பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தங்க இரண்டு வருஷம் என்றிருந்த அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம் என்று குறைக்கப்பட்டிருக்கிறது. மணமான பெண்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இத்தகைய மாஸ்டர் படிப்புக்கு அங்கே போகிறவர்கள், 2024 ஜனவரி முதல், கணவரையோ குழந்தையையோ தங்கள் விசாவின் பேரில் அழைத்துப் போக முடியாது.

உதவிக்கு வழியில்லாமல் இல்லை. இரண்டு வருஷ வேலை அனுபவம் உள்ளவர்கள் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சீவ்னிங் உதவித்தொகைக்கு முயலலாம். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைக்கென்றால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடும் சில குடும்பங்கள், பெண்ணுக்கென்றால், "கல்யாணச் செலவு இருக்கிறதே" என்று தயங்குகின்றன. தயங்குவது தவறில்லை. ஆனால் கணக்கு இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கடன் தாங்காது என்றால் பிள்ளைக்கும் வேண்டாம். தாங்கும் என்றால் பெண்ணும் போகட்டும்.

இனிக் காகிதத்தை எடுங்கள். மூன்று பத்தி போடுங்கள். தகுதி, கணக்கு, பணம் மூன்றும் பொருந்தும் கல்லூரிகள் இரண்டு, ஒன்று சற்றே குறையும் கல்லூரிகள் இரண்டு, ஆசைக்காக ஒன்று. ஆசைக் கல்லூரியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பதுதான் பலர் ஏமாறும் இடம். முதல் பத்தி காலியாக இருந்தால் இந்த வருஷம் விண்ணப்பிக்க வேண்டாம். கணக்கைப் பலப்படுத்திக்கொண்டு அடுத்த வருஷம் போடலாம். அந்தக் காகிதத்தைப் பெண்ணே எழுதட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பணப் பத்தியை மட்டும் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.